சீட்டுக்கு பின்னாடி தண்ணி நிக்குது, மடக்குற துணிக்கூரை கார் வச்சிருக்கவங்க வழி சொல்லுங்க (எம்எக்ஸ்-5, 2004)

சாரல்_2004:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துல மில்டன் கீன்ஸ்ல இருக்கேன். போன மே மாசம்தான் மஸ்டா எம்எக்ஸ்-5 ஒண்ணு வாங்குனேன், 2004 மாடல், 1.8 இன்ஜின், இங்க மார்க் 2.5னு சொல்றாங்களே அது. கருப்பு துணிக்கூரை, பின்னாடி கண்ணாடி ஜன்னல். எனக்கு முன்னாடி மூணு பேர் வச்சிருந்திருக்காங்க. கோடை பூரா கூரையை மடக்கிட்டு சுத்துனோம், என் பொண்ணுக்கு எட்டு வயசு, சனிக்கிழமை நீச்சல் கிளாஸுக்கு வேற எந்த வண்டியிலயும் ஏற மாட்டேங்குறா.

பிரச்சனை அக்டோபர்ல மழை புடிச்சதுல இருந்து. முதல்ல காலையில கண்ணாடி எல்லாம் உள்பக்கமா வேர்த்து இருந்துச்சு, சரி குளிருதுன்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு வாசனை, ஈரச்சாக்கை மூலையில போட்டு வச்சா வருமே அது மாதிரி. போன ஞாயித்துக்கிழமை டிரைவர் சீட்டுக்கு பின்னாடி கார்ப்பெட்ல கைய வச்சு அழுத்துனேன், விரலுக்கு நடுவுல தண்ணி வருது. சீட்டை முன்னாடி தள்ளிட்டு பழைய டவலை வச்சு ஒத்தி எடுத்தேன், ரெண்டு டவல் முழுசா நனைஞ்சு போச்சு. பயணி பக்கம் லேசான ஈரம்தான்.

பக்கத்துல ஒரு கடையில காட்டுனேன். அவர் மேல தொட்டு பாத்துட்டு துணி செத்துப்போச்சு, முன்னாடி எல்லாம் தண்ணி உருண்டு ஓடியிருக்கும் இப்ப ஊறுது பாருங்க, முழுசா புது கூரை போடணும் 950 பவுண்ட் ஆகும்னுட்டார். வண்டிய வாங்குனதே 2,300க்கு. ஆனா நான் தேடித்தேடி பாத்தேன் எங்கயும் கிழிசல் இல்ல, தையல் நல்லா இருக்கு, தலைக்கு மேல உள்பக்கம் தொட்டா காஞ்சுதான் இருக்கு. மழை பெஞ்சா மேல துணி மட்டும் கருத்து ஈரமாகுது, அது உண்மைதான்.

வண்டி நிக்கிறது வீட்டு முன்னாடி ரோட்ல, மேல பெரிய சிகமோர் மரம் ஒண்ணு இருக்கு. கராஜ் கிடையாது.

கேள்வி இதான். துணி ஊறுதுன்னா கூரை போச்சுன்னு அர்த்தமா? மேல அடிக்கிற வாட்டர் ப்ரூஃப் ஸ்ப்ரே அடிச்சா நிக்குமா? இந்த மாதிரி கூரைய வச்சிருக்கவங்க வருஷம் பூரா என்னென்ன செய்யறீங்க? முதல் தடவை வச்சிருக்கேன், தெரிஞ்சவங்க பொறுமையா சொல்லுங்க.

லெஸ்டர்_மார்க்1:

தம்பி, 950 பவுண்ட்ட பத்திரமா வச்சுக்கங்க. நீங்க சொல்ற அடையாளம் எல்லாத்தையும் பாத்தா கூரை நல்லாத்தான் இருக்கு, வடிகால் அடைச்சிருக்கு. 1991 வண்டி ஒண்ண 14 வருஷமா வச்சிருக்கேன், இதே தண்ணி என் வண்டியிலயும் நின்னுச்சு.

முதல்ல துணி விஷயம். இந்த கூரைத்துணிய இங்க எல்லாரும் மொஹேர்னு சொல்லுவாங்க, ஆனா பேருக்கு ஏத்த மாதிரி அதுல ஆட்டு முடி எதுவும் கிடையாது. மூணு அடுக்கு அது. மேல அக்ரிலிக் நெசவு, நடுவுல ரப்பர், கீழ இன்னொரு துணி. தண்ணிய தடுக்கிறது நடுவுல இருக்கிற ரப்பர்தான். மேல் நெசவு ஊறுறதுனால உள்ள ஒழுகாது. ஸ்ப்ரே எதுக்குன்னா மேல் நெசவு ஈரத்தை புடிச்சு வச்சுக்காம இருக்க, பாசி புடிக்காம இருக்க. அடிக்கிறது நல்லது, கட்டாயம் அடிங்க, ஆனா உங்க கார்ப்பெட் தண்ணிக்கு அது மருந்து இல்ல. உள்பக்கம் தலைக்கு மேல காஞ்சிருக்குன்னு நீங்களே சொல்றீங்களே, அதுலயே பதில் இருக்கு.

இப்ப தண்ணி எப்படி போகுதுன்னு பாருங்க. கூரைமேல விழுற மழை சரிஞ்சு பின்னாடி வந்து, கூரைத்துணியோட அடி விளிம்பும் பாடியும் சேர்ற இடத்துல உள்ள இறங்கும். ஆமா உள்ளதான் இறங்கும், அப்படித்தான் கட்டியிருக்காங்க. அங்க ஒரு நீளமான பிளாஸ்டிக் வாய்க்கால் இருக்கு, ரெயின் ரெயில்னு பேரு. அது தண்ணிய ரெண்டு ஓரத்துக்கும் தள்ளும். ரெண்டு ஓரத்துலயும், சீட் பெல்ட் வர்ற அந்த கோபுரத்துக்கு பின்னாடி ஒரு ஓட்டை, அதுல இருந்து குழாய் இறங்கி பின் சக்கரத்துக்கு கொஞ்சம் முன்னாடி வண்டிக்கு அடியில வெளிய விடும். ஓட்டை அடைச்சா வாய்க்கால் நிரம்பி வழிஞ்சு சீட்டுக்கு பின்னாடி கொட்டும். சிகமோர் மரத்தடியில 2004 வண்டின்னு நீங்க எழுதுனதை படிச்சதுமே எனக்கு இதான் தோணுச்சு.

செய்ய வேண்டியது: முன்னாடி ரெண்டு லாட்ச்சையும் விடுவிச்சு கூரையை பாதி மட்டும் தூக்கி வைங்க. டார்ச் எடுத்துட்டு சீட் பெல்ட் கோபுரத்துக்கு பின்னாடி பாடி ஓரமா அடிச்சு பாருங்க. ஓட்டை தெரியும், இல்லன்னா ஓட்டை இருக்க வேண்டிய இடத்துல சேறு தெரியும். முதல்ல கையால, வேக்கூமால மேல இருக்கிறத எடுங்க. குத்தி கீழ தள்ளாதீங்க, தள்ளுனா குழாய்க்கு நடுவுல போய் கெட்டியாயிடும். அப்புறம் புல்வெட்டுற மெஷினுக்கு போடுவாங்களே நைலான் கயிறு, அது கரெக்டா வளைஞ்சு போகும். அதை விட்டு சுழட்டி சுழட்டி எடுங்க. கோட் ஹேங்கர் கம்பி வேணாம், குழாய ஓட்டை போட்டுரும், கம்ப்ரசர் காத்தும் வேணாம், ஜாயின்ட் கழண்டா உள்ள டிரிம்மை எல்லாம் பிரிக்கணும். கடைசியா ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணி மெதுவா ஊத்தி, வீட்ல யாரையாவது பின் சக்கரத்துகிட்ட குனிஞ்சு பாக்க சொல்லுங்க. ஊத்துன வேகத்துக்கு கீழ வரணும். சொட்டு சொட்டா வந்தா இன்னும் இருக்குன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, இது முக்கியம். அடைச்ச தண்ணி கதவுக்கு கீழ நீளமா இருக்கிற, சில்னு சொல்ற பாடி பகுதிக்குள்ளயும் தேங்கும். இந்த வண்டிங்க துருப்பிடிச்சு சாகுறது அங்கதான், பின் சக்கரத்துக்கு முன்னாடி, உள்ள இருந்து அரிச்சுட்டு வரும். வெளிய பெயின்ட் கொப்புளம் தெரியறப்ப உள்ள பாதி போயிருக்கும். சீட் பெல்ட் மாட்டுற இடம், சஸ்பென்ஷன் மாட்டுற இடம் இதுல இருந்து 30 சென்டிமீட்டருக்குள்ள அந்த துரு ஓட்டையாகி பாடிக்கு பலம் போச்சுன்னா எம்ஓடி (வருஷா வருஷம் பண்ற வண்டி சோதனை) ஃபெயில், வெல்டிங்தான் வழி. அதனால அவசரம் கூரைக்கு இல்ல, இந்த ரெண்டு ஓட்டைக்குத்தான்.

பி.கு. யூடியூப்ல தேடுறப்ப ஒரு குழப்பம் வரும், நம்ம ஊர்ல (இங்கிலாந்தைச் சொல்றேன்) ஹூட்னா கூரை, அமெரிக்காக்காரங்க ஹூட்னு சொன்னா பானெட். அவங்க கூரையை டாப்னுதான் சொல்லுவாங்க.

ஸ்காபரோ_வாசி:

லெஸ்டர் அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கட ஊரில ஐப்பசி மழைக்கு முன்னம் ஏணி வச்சு ஏறி, கூரை விளிம்பில மழைத்தண்ணி ஓடுற பீலியைத் துப்பரவாக்கிறேல்லையோ, அதே வேலைதான் இது. பீலி அடைச்சால் கூரையைக் குறை சொல்லி என்ன, சுவர்தானே ஊறும். நான் வருசத்தில ரெண்டு தரம் செய்யிறனான், இலை விழுந்து முடிய ஒருக்கா, வசந்தத்தில வண்டியை வெளிய எடுக்கேக்க ஒருக்கா. இருவது நிமிசம் காணும்.

நான் இருக்கிறது டொரொன்டோவில, இஞ்ச உந்த வண்டியை மியாட்டா எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். என்ரை 1994. அதில பின் ஜன்னல் பிளாஸ்டிக், சிப் (ஜிப்) வச்சது. கூரையை மடக்க முன்னம் சிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையா விரிச்சு, மேல ஒரு மெல்லிய துவாயைப் போட்டுத்தான் மடக்கோணும். வாங்கின முதல் வருசம் ஏப்ரல் மாசம், வெயில் அடிக்குது எண்ட சந்தோசத்தில சிப்பைத் திறக்காமல் மடக்கிப்போட்டன். வெயில் இருந்ததே ஒழிய குளிர் போகேல்லை, பிளாஸ்டிக் நடுவால அப்பளம் மாதிரி வெடிச்சுது. அந்தச் சத்தம் இப்பவும் காதுக்குள்ள கிடக்கு. தம்பிக்கு கண்ணாடி ஜன்னல், அந்தக் கவலை இல்லை, ஆனால் நல்ல குளிருக்குள்ள கூரையை மடக்கிறதை நீங்களும் தவிருங்கோ, துணியும் தையலும் அப்ப விறைச்சுப் போய்க் கிடக்கும்.

நவம்பரில இருந்து ஏப்ரல் வரைக்கும் இஞ்ச பனிக்கு ரோட்டில உப்புப் போடுவினம், வண்டி கராஜுக்குள்ளதான். அப்ப ரெண்டு விசயம் மறக்கக்கூடாது. கூரையை மேல போட்டு, பூட்டித்தான் நிப்பாட்டோணும். மடக்கினபடி மாசக்கணக்கா விட்டால் துணி சுருங்கி, பிறகு முன் கண்ணாடிச் சட்டத்துக்கு இழுத்துக் கொண்டுவரவே ஏலாது, மடிப்பு விழுந்த இடம் மாறாத கோடாப் போயிடும். மற்றது எலி. மடக்கின கூரையின்ரை மடிப்புக்குள்ள எலி கூடு கட்டினதை நான் கண்ணால கண்டிருக்கிறன், என்ரை சிநேகிதன் ஒருத்தன்ரை வண்டி. பிளாஸ்டிக் தறப்பாள் போட்டு மூடாதேங்கோ, ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்கை பூஞ்சணம் பிடிக்கும். காத்துப் போய்வாற துணிக்கவர்தான் சரி.

சாரல்_2004:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ரெயின் ரெயில்ங்கிற வார்த்தையே இப்பதான் கேள்விப்படுறேன், தண்ணி உள்ள இறங்குற மாதிரியேதான் கட்டியிருக்காங்கன்னு தெரியாம நான் டேப் ஒட்டி அடைக்க பாத்தேன்.

சனிக்கிழமை செய்யப்போறேன். அதுக்கு முன்னாடி ரெண்டு சந்தேகம். கூரையை எப்படி கழுவுறது? தையல் ஓரம் எல்லாம் பச்சையா பாசி இருக்கு, ஜெட் வாஷ் அடிக்கலாமா? அப்புறம், பெரிய மழையில பயணி பக்கம் ஜன்னலோட மேல் மூலையில இருந்து என் பொண்ணு முட்டிமேல ஒரு சொட்டு விழுந்துச்சு, அதுவும் வடிகாலாலதானா?

ஸ்டுட்கார்ட்_தமிழ்:

மேல் மூலை சொட்டு வடிகாலால இல்ல, அது ரப்பர் சீல். ஒரு தாள் துண்டை கூரை சீலுக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் நடுவுல வச்சு ஜன்னலை ஏத்துங்க, இழுத்து பாருங்க. இறுக்கமா வந்தா சீல் நல்லா இருக்கு, சும்மா வழுக்கிட்டு வந்தா அங்க புடிக்கல. முன்னாடி இருந்து பின்னாடி வரை நாலஞ்சு இடத்துல செஞ்சா எங்க விடுதுன்னு துல்லியமா தெரியும். பல நேரம் சீல் காய்ஞ்சு தட்டையா போனதுதான் காரணம். சுத்தமா துடைச்சுட்டு ரப்பருக்குன்னே விக்கிற ‘கம்மி ஃப்ளேகே’ங்கிற திரவத்தை தடவுங்க, இல்ல சிலிகான் கிரீஸ். வாஸ்லின் வேண்டாம், பெட்ரோலியம் ரப்பரை ஊதி கெடுத்துரும்.

உங்க வண்டியில கூரையை கையால மடக்கணுமேன்னு யாராவது குறையா சொன்னா நம்பாதீங்க. என்கிட்ட இருந்தது பட்டன் அமுக்குனா தானா மடங்குற வகை. எலக்ட்ரிக் பம்ப், ஹைட்ராலிக் குழாய், ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு சின்ன சுவிட்ச். ஒரு சுவிட்ச் சேதி அனுப்பலன்னா கூரை பாதி வானத்துல நிக்கும். என் வண்டியில பம்ப் இருந்ததே வடிகால் பள்ளத்துக்கு பக்கத்துலதான், இலை அடைச்சு தண்ணி தேங்கி பம்ப் முழுகிருச்சு. ஹைவே ஓரத்துல மழையில பாதி திறந்த கூரையோட நின்னு, நானும் என் தம்பியும் அவசரத்துக்கு கையால மூடுற முறைய மேனுவல பாத்து பாத்து செஞ்சோம், 40 நிமிஷம். புது பம்ப்புக்கு குடுத்த காசுல உங்க கூரை மாதிரி ரெண்டு கூரை போட்டிருக்கலாம். புது பம்ப்பை அந்த பள்ளத்துல வைக்காம டிக்கிக்கு மாத்தி வச்சேன். உங்க எம்எக்ஸ்-5 துணிக்கூரையில மோட்டார் கிடையாது, கைதான், எடையும் குறைவு. அது பெரிய வரம்.

பினாங்கு_மழை:

கழுவுறதுக்கு நான் சொல்றேன், எங்க ஊர்ல வெயிலும் மழையும் ஒண்ணா அடிக்கும், கூரையை பாக்காம விட்டா சீக்கிரமே நாசம்.

ஜெட் வாஷ் வேண்டவே வேண்டாம். தையல பிரிச்சுரும், சீலை தாண்டி உள்ள தண்ணிய தள்ளும். பிரஷ் சுத்துற ஆட்டோமேட்டிக் கார் வாஷுக்கும் போகாதீங்க. முதல்ல காஞ்ச துணியில வேக்கூம் போட்டு தூசிய எடுங்க. இல்லன்னா அது தண்ணியில கரைஞ்சு நெசவுக்குள்ள போய் உக்காந்துக்கும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணி, துணிக்கூரைக்குன்னு விக்கிற க்ளீனர் இல்ல மைல்டான கார் ஷாம்பு, குதிரைவால் முடி பிரஷ் மாதிரி மெத்துன்னு ஒண்ணு. நெசவு போற திசையில தேயுங்க, வட்டமா தேய்க்காதீங்க. பாசி இருக்கிற தையல்ல நுரைய அஞ்சு நிமிஷம் விட்டு வச்சா தானா இளகும். பாத்திரம் கழுவுற லிக்விட், ப்ளீச் ரெண்டும் கூடாது. பறவை எச்சம் இருந்தா ஈர டிஷ்யூவை மேல போட்டு ஊறவிட்டு எடுங்க, சுரண்டாதீங்க. நுரை போற வரைக்கும் தண்ணி ஊத்தி அலசுங்க, சோப்பு மிச்சம் இருந்தா ஸ்ப்ரே புடிக்காது.

ஸ்ப்ரே அடிக்கிறது நல்லா காஞ்ச பிறகுதான், உங்க ஊர்ல முழுசா ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும். கண்ணாடி, பெயின்ட் எல்லாம் பேப்பர் ஒட்டி மூடிக்கங்க, தெளிச்சது கண்ணாடியில காஞ்சா திட்டு திட்டா நிக்கும். ரெண்டு கோட்டா லேசா. டப்பா வாங்குறப்ப உங்க கூரை துணியா வினைலான்னு பாத்து வாங்குங்க, ரெண்டுக்கும் மருந்து வேற வேற.

ஈரமா இருக்கிறப்ப மடக்கி வைக்காதீங்க, இதுக்காகவே இவ்வளவு எழுதுறேன். திடீர்னு மழை வந்து நின்னு உடனே மடக்கணும்னா மடக்குங்க, தப்பில்ல, ஆனா வீட்டுக்கு வந்ததும் திருப்பி விரிச்சு காயவிடணும். நான் ஒரு தடவை ஈரக்கூரையை மடக்கி வச்சுட்டு ரெண்டு நாள் கோலாலம்பூர் போயிட்டேன். வந்து திறந்தா உள்பக்கம் பூரா மிளகு தூவுன மாதிரி கருப்பு புள்ளி. பூஞ்சை. எவ்வளவு தேய்ச்சும் அது போகல, இன்னைக்கும் தலைய தூக்குனா தெரியுது.

லெஸ்டர்_மார்க்1:

பினாங்கு நண்பர் சொன்னதுல ஒண்ணு சேர்க்கிறேன். துணிக்கு முன்னாடி தையல் நூல்தான் வெயில்ல முதல்ல போகும். அதனால நகத்தால லேசா சுரண்டி பாருங்க, நூல் மாவா உதிர்ந்தா கூரைத்தையல் போடுற ஆள்கிட்ட குடுத்து மறுதையல் போட்டா போதும், முழு கூரை வேண்டியதில்ல.

டிக்கியையும் பாத்துக்கங்க தம்பி. உங்க மாடல்ல பேட்டரி டிக்கிக்குள்ள வலது பக்கம் இருக்கு, பின் லைட் கேஸ்கெட் வழியா தண்ணி வந்தா அங்கதான் தேங்கும்.

கார்ப்பெட்டை மேலாப்புல காயவச்சா பத்தாது. அடியில தடிமனா ஸ்பாஞ்ச் இருக்கு, அது வாரக்கணக்கா ஈரத்தை வச்சுக்கும், வாசனை வர்றது அதுல இருந்துதான். பிளாஸ்டிக் கிளிப்பை பொறுமையா கழட்டி தூக்கி, அடியில கட்டை வச்சு, காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்குற டீஹியூமிடிஃபையர் ஒண்ணை உள்ள வச்சு ராத்திரி பூரா ஓட்டுங்க.

சாரல்_2004:

சனிக்கிழமை செஞ்சு முடிச்சுட்டேன், விவரமா எழுதுறேன், பின்னாடி யாராவது தேடி வந்தா உதவும்.

டிரைவர் பக்கம் டார்ச் அடிச்சா ஓட்டையே தெரியல. கருப்பா களிமண் மாதிரி ஒண்ணு அப்பி இருந்துச்சு. ஸ்பூன் காம்பால எடுக்க ஆரம்பிச்சேன், மக்கிப்போன இலை, ஊசி மாதிரி காம்பு, நடுவுல சிகமோரோட அந்த ரெக்கை வச்ச விதை, அதுல ஒண்ணு முளை விட்டு வெள்ளையா வேர் வேற வந்திருந்துச்சு. ஒரு தயிர் டப்பா நிறைய எடுத்தேன். அதுக்கப்புறமும் தண்ணி நின்னுச்சு. நைலான் கயிறை விட்டு சுழட்டிட்டே இருந்தேன், எவ்வளவு நேரம்னு தெரியல கை வலிச்சு போச்சு, திடீர்னு குழாய்க்குள்ள களுக்னு ஒரு சத்தம், நின்ன தண்ணி அப்படியே இறங்கிருச்சு. என் பொண்ணு கீழ சக்கரத்துகிட்ட குனிஞ்சு உக்காந்திருந்தா, அப்பா டீ மாதிரி வருதுன்னு கத்துனா. அஞ்சு டம்ளர் ஊத்துன பிறகுதான் தெளிவா வந்துச்சு. பயணி பக்கம் கால்வாசிதான் அடைச்சிருந்துச்சு, பத்து நிமிஷத்துல முடிஞ்சது.

சில்லை கீழ படுத்து டார்ச் வச்சு பாத்தேன், டிரைவர் பக்கம் பெயின்ட்டுக்கு அடியில கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கொப்புளம் இருக்கு. அழுத்துனா உள்ள போகல, கெட்டியா இருக்கு. அடுத்த வாரம் வெல்டிங் பண்றவர்கிட்ட காட்டி, உள்பக்கம் மெழுகு அடிக்க முடியுமான்னு கேக்கப்போறேன்.

சீல்ல தாள் வச்சு பாத்தேன், பயணி பக்கம் முன் மூலையில சும்மா வழுக்கிட்டு வந்துச்சு. கிரீஸ் தடவியிருக்கேன், இப்ப கொஞ்சம் புடிக்குது.

கார்ப்பெட் ஸ்பாஞ்ச தூக்குனப்ப அது தனியா அவ்வளவு கனம். மூணு ராத்திரி டீஹியூமிடிஃபையர் ஓடுச்சு, முதல் ராத்திரியிலயே தொட்டி ரெண்டு தடவை நிறைஞ்சுது. வாசனை முக்கால்வாசி போயிருச்சு. நேத்து ராத்திரி பூரா நல்ல மழை, இன்னைக்கு காலையில ஆபீஸ் போறதுக்கு முன்னாடி சீட்டை தள்ளி அழுத்தி பாத்தேன், கை காஞ்சு வந்துச்சு. கூரையை கழுவுறதுக்கு ரெண்டு நாள் சேர்ந்தாப்புல மழை இல்லாம இருக்கணும், அது கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கேன். வண்டிய மட்டும் மரத்தடியில இருந்து எதிர் பக்கத்துக்கு மாத்திட்டேன்.

ஸ்காபரோ_வாசி:

நல்ல வேலை செய்தீங்கள் தம்பி. மெழுகு அடிக்க முன்னம் சில்லுக்கு அடியில இருக்கிற சின்ன வடிகால் துளையளும் திறந்து கிடக்கோ எண்டு பாருங்கோ, ஈரத்தை உள்ள வச்சு மெழுகாலை மூடினால் துரு இன்னும் கெதியாப் போகும். கதவைத் திறந்து விட்டு ஒரு கிழமை நல்லாக் காயவிட்டிட்டு அடிக்கச் சொல்லுங்கோ.